சில்வர் பீச்சுக்குப் புறப்படும் முன் ஒரு கேள்வி

கேள்வி: வணக்கம் டீச்சர். கடலூருக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். 26 பிள்ளைகள். போன வருஷம் வேன் பிடித்துப் புதுச்சேரிக்கு அழைத்துப் போனோம். தாவரவியல் பூங்கா, அருங்காட்சியகம், கடற்கரை மூன்றையும் ஒரே நாளில் பார்த்தோம். மறுநாள் 'நான் சென்ற சுற்றுலா' என்று எழுதச் சொன்னேன். எழுதத் தெரிந்த அத்தனை பேரும் ஒரே நான்கு வரியைத்தான் எழுதினார்கள். "நாங்கள் சுற்றுலா சென்றோம். வேனில் சென்றோம். ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். மகிழ்ச்சியாக இருந்தது." இதற்கா இவ்வளவு செலவு என்று ஓர் அப்பா கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. இந்த வருஷம் சில்வர் பீச் போகலாம் என்று பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். போகலாமா? போனால் பாடத்தோடு எப்படி இணைப்பது? பாதிப் பேருக்கு இன்னும் சரளமாக எழுத வரவில்லை.

பதில்: போகலாம், தாராளமாகப் போகலாம். அந்த நான்கு வரிகளை நினைத்து மனம் தளர வேண்டாம். பிள்ளைகள் உண்மையைத்தான் எழுதியிருக்கிறார்கள். புதுச்சேரி தாவரவியல் பூங்கா 1826இல் தொடங்கியது. அங்கே இருக்கும் மரங்களை நின்று பார்க்கப் பெரியவர்களுக்கே ஒரு காலைப் பொழுது போதாது. அதோடு அருங்காட்சியகத்தையும் கடற்கரையையும் சேர்த்து ஒரே நாளில் ஓட்டினால், எட்டு வயதுப் பிள்ளைக்குக் கையில் பிடித்திருந்த ஐஸ்கிரீம்தான் மனதில் நிற்கும். மற்றதெல்லாம் வரிசையில் நின்று, முன்னால் இருப்பவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்ததுதானே.

முப்பது வருஷம் தொடக்கப் பள்ளியில் இருந்துவிட்டு இப்போது ஆசிரியர் பயிற்சிகளுக்குப் போய்வருகிறேன். வெளியே கூட்டிப் போவது பற்றி யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: ஓர் இடம், ஒரு கேள்வி, முடிந்தால் இரண்டு முறை. இந்த மூன்றில் பெரும்பாலோர் விட்டுவிடுவது கேள்வியைத்தான். 'கடலைப் பற்றித் தெரிந்துகொள்வோம்' என்று போர்டில் எழுதுவார்கள். அதை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை கரையில் என்ன செய்யும்? கடலைப் பார்க்கும், அவ்வளவுதான். 'பெரிய நண்டுக்குப் பெரிய வளையா?' என்று கேட்டுப் பாருங்கள். உடனே கண் தரைக்கு வந்துவிடும்.

இந்தக் கேள்வி பிள்ளைகளிடமிருந்து வந்தால் இன்னும் நல்லது. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே தினமும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கடற்கரையில் என்னென்ன இருக்கும், எதை அருகில் போய்ப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். சொல்வதையெல்லாம் பழைய மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதித் தொங்கவிடுங்கள். நாலைந்து நாளில் எல்லாரும் ஒன்றையே சுற்றிவருவது தெரியும். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். போகும் முன்பே ஒவ்வொருவரும் தன் யூகத்தைச் சொல்லிவிட வேண்டும். வளை எவ்வளவு ஆழம் இருக்கும்? ஒரு சாண் என்பான் ஒருவன், கிணறு மாதிரி இருக்கும் என்பாள் ஒருத்தி. இரண்டையும் பெயரோடு எழுதிவையுங்கள். தான் சொன்னது சரியா என்று பார்க்க வேண்டும் என்ற அவசரத்தோடு பிள்ளை வண்டி ஏறட்டும்.

இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், ஒருமுறை சில்வர் பீச் இருக்கும் தேவனாம்பட்டினம் கரையில் என் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர் ஒரே வளையைச் சுற்றி உட்கார்ந்து எழுந்திருக்கவே இல்லை. வாயளவு இரண்டு விரற்கடை. ஒரு பக்கம் மட்டும் மணலை விசிறி மாதிரி வாரி எறிந்திருந்தது நண்டு. ஒருவன் சவுக்குக் குச்சியை மெல்ல உள்ளே விட்டான். நேராக இறங்கும் என்று நினைத்தால் சாய்வாகப் போனது. குச்சி முழுசும் போயும் அடி தட்டவில்லை. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். "இது ராத்திரிலதான் நெறைய வெளிய வரும் டீச்சர். டார்ச் அடிச்சா அப்படியே நின்னுடும்." பேசியது கடலுக்குப் போகிற வீட்டுப் பெண் பிள்ளை. வகுப்பில் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன்' சொல்வதோடு சரி, வேறு பேச்சே கிடையாது. நான்கு பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள். நண்டு எந்தப் பக்கம் ஓடும், அப்பா வலையில் எது சிக்கும், எதைச் சமைக்க மாட்டார்கள் என்று அடுத்த அரை மணி நேரம் அவள்தான் டீச்சர்.

உங்களுடைய கடைசிக் கேள்விக்கான பதிலும் இவளிடம்தான் இருக்கிறது. அவளுக்கு அப்போது எழுதவே வராது, படிப்பதும் எழுத்துக் கூட்டித்தான். மறுநாள் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, வளையின் படத்தை வரையச் சொன்னேன். சாய்வாக, கடைசியில் ஒரு அறையோடு வரைந்தாள். "இதைப் பற்றிச் சொல்லு, நான் எழுதுறேன்" என்றேன். அவள் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் எழுதினேன், ஐந்து வரி. பிறகு படிக்கச் சொன்னேன். விரலை வைத்துக்கொண்டு ஐந்து வரியையும் படித்துவிட்டாள். மனப்பாடம்தானே என்று நீங்கள் கேட்கலாம். முதல் நாள் பாதி மனப்பாடம்தான். மூன்றாம் நாள் அந்த வரிகளைத் தனித்தனிச் சொல்லாக வெட்டிக் கலைத்துப் போட்டேன். நின்று நிதானித்து அடுக்கினாள். என்ன எழுதியிருக்கிறது என்பது முன்பே தெரிந்திருப்பதால் அவள் போராட வேண்டியது எழுத்தோடு மட்டும்தான். பாடப்புத்தகத்தில் தெரியாத எழுத்தும் தெரியாத விஷயமும் ஒன்றாக வந்து நிற்கும்போது இப்படிப்பட்ட பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது.

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் நீங்கள் ஏற்கெனவே பிள்ளைகளின் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று படிப்படியாக மூன்றாகப் பிரித்துதான் வேலை செய்கிறீர்கள். பயணத்துக்குப் பிறகும் அதையே வைத்துக்கொள்ளலாம். அரும்பு நிலைப் பிள்ளைகள் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். மொட்டு நிலையில் இருப்பவர்கள் படம் வரைந்து அதற்கு ஒரே ஒரு வாக்கியம் எழுதினால் போதும். மலர் நிலைப் பிள்ளைகள் வீட்டில் இருக்கும் பாட்டிக்கோ வெளியூர் மாமாவுக்கோ கடிதம் எழுதலாம். 'நான் சென்ற சுற்றுலா' என்ற தலைப்பை மட்டும் தயவுசெய்து மறந்துவிடுங்கள். அந்தத் தலைப்பைப் பார்த்தாலே கை தானாக அந்த நான்கு வரியை எழுதிவிடும். 'நான் பார்த்த வளை' என்று கொடுங்கள். பேச்சு வழக்கில் சொன்னால் என்ன செய்வது என்று நிறைய ஆசிரியர்கள் கேட்பார்கள். முதல் நாள் 'வெளிய வரும்' என்றே எழுதுங்கள். எழுத்து வழக்குக்கு மாற்றுவதை இரண்டாம் நாள் வகுப்போடு சேர்ந்து செய்யலாம், அதுவே நல்ல மொழிப்பாடம். சொன்ன உடனே திருத்தினால் அடுத்த முறை அந்தப் பிள்ளை சொல்லாது.

சரி, இப்போது சில்வர் பீச்சுக்கு வருவோம். இங்கே ஒரு விஷயத்தில் நான் கறார். யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது, டீச்சர் உட்பட. ஒரு பிள்ளைக்குக் கணுக்கால் வரை அனுமதி கொடுத்தால் மற்றவர்களைப் பிடித்து நிறுத்த முடியாது. அலை வந்து நிற்கும் இடத்திலிருந்து இருபது அடி தள்ளி மணலில் ஒரு கயிற்றைப் போட்டு, அதுதான் எல்லை என்று வகுப்பிலேயே பழக்கிவிடுங்கள். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் வேண்டும், ஆக உங்களைத் தவிர ஐந்து பேர். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் அம்மாக்களைக் கேளுங்கள், வருவார்கள். கடல் தொழில் தெரிந்த ஒரு அப்பாவோ மாமாவோ வந்தால் கயிற்றுப் பக்கம் அவரை நிறுத்துங்கள். அன்றைக்குக் கடல் எப்படி இருக்கிறது என்று அவருக்குப் பார்த்ததும் தெரியும். 2004 டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினத்தில் கடல் ஊருக்குள் வந்ததை நேரில் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடற்கரை என்றதும் ஒரு பாட்டி பேத்தியை அனுப்பத் தயங்கினால் அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்காதீர்கள். கயிறு, ஆட்கள், நேரம் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லுங்கள். அப்படியும் மனம் வரவில்லை என்றால் அந்தப் பிள்ளைக்கு வேறு நாள், வேறு இடம்.

எண்ணிக்கையை ஜோடியாக வைத்துக்கொள்ளுங்கள். 26 என்று எண்ணுவதைவிட 13 ஜோடி என்று எண்ணுவது சுலபம். ஜோடி பிரிந்தால் மற்றவன் உடனே சொல்லிவிடுவான். ஆரம்ப காலத்தில் ஒரு பஸ் ஸ்டாண்டில் எண்ணிப் பார்த்தபோது எனக்கு ஒரு தலை குறைந்தது. கரும்புச் சாறு மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தான் பையன். மூன்று நிமிடம்தான் இருக்கும், இன்றும் நினைத்தால் வயிறு பிசைகிறது. அன்றிலிருந்து ஜோடிதான்.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்ல பருவம். ஐப்பசி, கார்த்திகையில் கடலூர் மழையை நம்பித் தேதி குறிக்க வேண்டாம். பள்ளியில் காலை உணவு முடித்து அரை மணி நேரம் கழித்துக் கிளம்புங்கள், வேனில் வாந்தி குறையும். பத்தரைக்கெல்லாம் மணல் சுட ஆரம்பித்துவிடும், அதற்குள் வேலையை முடித்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குப் பள்ளிக்குத் திரும்பிவிடலாம். கழிப்பறை எங்கே இருக்கிறது, திறந்திருக்கிறதா என்று முதல் நாளே நீங்கள் நேரில் போய்ப் பாருங்கள். பெண் பிள்ளைகள் இதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். தலைமையாசிரியர் வழியாக வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு எழுதிக் கொடுப்பதையும் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவதையும் இரண்டு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். போன் நம்பர் எழுதிய துண்டுச் சீட்டு ஒவ்வொரு சட்டைப் பையிலும் இருக்கட்டும். ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் பங்குனி ஆமை என்னும் கடல் ஆமைகள் முட்டையிடக் கரைக்கு வரும். மணலில் ஆமையின் துடுப்புக் கால் தடம் கண்ணில் பட்டால் தள்ளி நின்று பார்க்கலாம், தோண்டக் கூடாது.

இரண்டாவது முறை போக வண்டிக்குப் பணம் இல்லையே என்றால், அந்த இரண்டாவது முறை நடந்து போகும் தூரத்தில் இருக்கட்டும். உண்மையைச் சொன்னால் எனக்கு மிகவும் பிடித்த பயணங்களுக்கு வண்டியே தேவைப்பட்டதில்லை. ஜூன் 14உடன் மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாள் முடியும், நீங்களும் பள்ளி திறந்து உட்கார்ந்திருப்பீர்கள். அப்போது பக்கத்து மீன் மார்க்கெட்டுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். நெத்திலியைக் கூறு கட்டி விற்பார்கள், வஞ்சிரத்தைத் தராசில் வைப்பார்கள். ஏன் ஒன்றைக் கூறாக, ஒன்றை எடை போட்டு? இதை மீன் விற்கும் அம்மாவிடமே கேட்கச் சொல்லுங்கள். கணக்குப் பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் மாதத்துக்குப் பள்ளி மைதானமே போதும். ஒரு முழக் குச்சியைச் செங்குத்தாக நட்டு, தினமும் நண்பகல் 12.15க்கு நிழலின் நுனியில் ஒரு கூழாங்கல் வைக்கச் சொல்லுங்கள். கடலூர், புதுச்சேரி இருக்கும் அட்சரேகையில் ஏப்ரல் 21ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 21ஐ ஒட்டியும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். பத்து நாள் முன்பே தொடங்கினால் நிழல் நாளுக்கு நாள் குறைந்து, ஒருநாள் குச்சியின் அடியிலேயே ஒளிந்துகொள்வதைப் பிள்ளைகள் பார்ப்பார்கள். "நிழல் எங்க டீச்சர் போச்சு?" என்று ஓடி வருவார்கள். பதிலை உடனே சொல்லிவிடாதீர்கள்.

நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளும் உங்களிடம் சேர்ந்து உட்காருவார்கள் என்றால் கடலூரில் இருக்கும் குண்டு சாலையின் பெயர்க் கதையையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு விழும் தூரம் வரை உள்ள ஊர்களும் கம்பெனிக்கு என்று பேச்சு. நாலா பக்கமும் சுட்டார்கள். அந்த எல்லைக்குள் வந்தவை குண்டு கிராமங்கள் ஆயின. தினமும் சைக்கிளில் போகிற சாலையின் பெயருக்குள் இப்படி ஒரு கதை இருக்கிறது என்று தெரிந்ததும் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும். மைதானத்தின் நடுவில் ஒருவன் நின்று ரப்பர் பந்தை எட்டுத் திசையிலும் எறியட்டும். விழுந்த இடங்களைச் சாக்பீஸ் பொடியால் இணைத்தால், எல்லை ஏன் கோணலாக வருகிறது என்று அவர்களே பேச ஆரம்பிப்பார்கள்.

செலவைப் பற்றிக் கேட்ட அந்த அப்பாவுக்கு வாயால் பதில் சொல்ல வேண்டாம். போய்வந்த ஒரு வாரம் கழித்து, சாயங்காலம் பிள்ளையைக் கூப்பிட வருகிறவர்களை வகுப்புக்குள் அழையுங்கள். காலண்டர் தாள்கள் சுவரில் தொங்கட்டும். ஒவ்வொரு பிள்ளையும் தன் படத்துக்குப் பக்கத்தில் நின்று, எழுதியிருப்பதைத் தன் அம்மா அப்பாவுக்குப் படித்துக் காட்டட்டும். கூட்டம் போட்டு எல்லார் முன்னாலும் படிக்கவைக்க வேண்டாம், எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை கூசிப்போகும்.

ஐஸ்கிரீமை என்ன செய்வது என்று கேட்க நினைத்திருப்பீர்கள். வாங்கிக் கொடுங்கள். கயிற்றைச் சுருட்டி, 13 ஜோடியையும் எண்ணி முடித்து, வண்டி ஏறுவதற்குச் சற்று முன்னால்.