கருவாடு போட்டு நீர்நாயைக் கூப்பிடலாமா?

கேள்வி: கோடையில் தண்ணீர் இறங்கியதும் கொடுமுடிப் பக்கம் காவிரி நடுவில் ஒரு மணல் திட்டு தெரியும். நண்பர்களோடு பரிசலில் போய்க் கூடாரம் அடித்துத் தங்கினோம். விடிகாலையில் நீர்நாய்க் கூட்டம் குட்டிகளோடு வந்தது, போனில் எடுத்த படம் மங்கல். இது காப்புக்காடு கிடையாதே, அடுத்த தடவை கருவாடு போட்டு வரவழைத்து எடுக்கலாமா? ஃபேஸ்புக்கில் போட்டால் கேஸ் ஆகுமா?
– ஒரு வாசகர், கொடுமுடி

பதில்: கருவாட்டைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்க. காடோ வயலோ வாய்க்காலோ, பாதுகாப்பு என்பது விலங்கோடு கூடவே வருகிறது. நீங்கள் பார்த்த ஆற்று நீர்நாய் 1972 வனஉயிரின பாதுகாப்புச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்பு தருகிற முதல் அட்டவணையில் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் வேட்டை என்றால் சுடுவது மட்டுமில்லை, துரத்துவதும் இரை வைத்து இழுப்பதும்கூட வேட்டைதான், தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. தள்ளி நின்று சும்மா படம் எடுத்ததற்குக் கேஸ் கிடையாது. ஆனால் துரத்துகிற வீடியோவை நீங்களே ஏற்றினால் சாட்சிக்கு வேறு ஆள் தேட வேண்டியதில்லை!

சரி, நல்ல படம் எப்படி? திட்டில் பாறை ஓரமாகப் பாருங்க, மீன் செதிலும் நண்டு ஓடுமாகக் கிடக்கும், கவிச்சி வாடை மூக்கைத் துளைக்கும். அதுதான் அவை வழக்கமாக எச்சம் போடும் இடம், தினமும் வந்துபோகிற வழி. அங்கே கூடாரம் போடாமல் எதிர்க்கரையில் புதர் மறைவில் உட்கார்ந்து ஜூம் லென்ஸில் காத்திருந்தால் தானாக வரும். எல்லாம் தலையைத் தூக்கி உங்களையே பார்த்துச் சீறினால் குட்டி பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம், பின்வாங்கிவிடுங்க. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். படம் போடும்போது திட்டின் பேரைப் போடாதீங்க, போனில் லொகேஷனையும் அணைத்துவிடுங்க, இல்லாவிட்டால் அடுத்த வாரமே பத்து பைக் வந்து நிற்கும்.

சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள், பவானிசாகர் நீர்த்தேக்க ஓரத்தில் இதே ஆசை வந்தால் கதையே வேறு. அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம், கேமராவெல்லாம் அப்புறம்தான்.

உங்களிடம் எனக்குக் கேட்கத் தோன்றுவது வேறு: மணலில் படுத்துத் தூங்கினீர்களே, முதலை நினைப்பே வரவில்லையா? காவிரியிலும் மோயாற்றிலும் சதுப்பு முதலை உண்டு, மணலில் குழி தோண்டி முட்டை இடுவதும் தண்ணீர் வற்றுகிற இந்தக் காலத்தில்தான், தாய் அங்கேயே காவல் இருக்கும். மேட்டூரில் திறப்பைக் கூட்டினால் ராத்திரியில் தண்ணீர் ஏறவும் செய்யும். பகலில் போய்ப் பொழுது சாயுமுன் பரிசல் ஏறிவிடுங்க.