பல பண்பாட்டு மாணவர்கள் சேர்ந்த திட்டக் குழுவில் எல்லோரும் தலையாட்டியும் வேலை ஏன் நகர்வதில்லை?

கோவையில் பொறியியல் படிக்கும் நீங்கள், பீகார், எத்தியோப்பிய மாணவர்களோடு சேர்ந்து பம்புசெட் கண்காணிப்புக் கருவி செய்வதாகவும், கூட்டத்தில் ஒப்புக்கொண்ட வேலை நடப்பதில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குச் சோம்பல் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. நம் பக்கத்தில் ஒருவர் "பார்க்கலாமுங்க" என்றால் பல நேரம் அது மரியாதையாகச் சொன்ன மறுப்பு. குரலின் இழுப்பிலேயே உள்ளூர்க்காரருக்குப் புரிந்துவிடும் அந்தப் பொருள், அதையே ஆங்கிலத்தில் கேட்கும் பீகார் நண்பருக்குச் சம்மதமாகப் போய்ச் சேரும். பொருளைச் சூழலில் வைத்துப் பேசும் வழக்கத்தையும் சொல்லிலேயே வைத்துப் பேசும் வழக்கத்தையும் மானுடவியலாளர் எட்வர்ட் ஹால் 1976இல் பிரித்துக் காட்டினார். (அதற்காக ஒரு நாட்டார் எல்லோருக்கும் ஒரே முத்திரை குத்திவிடக் கூடாது.) எனவே, கூட்டம் முடியும்போது "சரிதானே?" என்று கேட்பதை விட்டு, எதை, எந்தத் தேதிக்குள் முடிப்பேன் என்று ஒவ்வொருவரையும் தம் வாயாலேயே சொல்லவைத்து, அதை அங்கேயே வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிடுங்கள்.

நேரத்தையும் தெளிவாக எழுதுங்கள். எத்தியோப்பியாவில் பகலின் மணிக்கணக்கு காலை 6 மணியிலிருந்து தொடங்குவதால், நம்முடைய காலை 8 மணி அவர்கள் வழக்கில் 2 மணி.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, டீ குடிக்கும் இடைவேளையில் நாம் தமிழுக்குத் தாவி, பாதி முடிவை அங்கேயே எடுத்துவிடுவது. நானும் இதைச் செய்திருக்கிறேன். அப்படிப் பேசியதை உடனே எல்லோருக்கும் தெரிந்த மொழியில் திருப்பிச் சொல்லாவிட்டால், மற்றவர்கள் அடுத்த கூட்டத்தில் வாயே திறக்கமாட்டார்கள்.