முதிய நாய் நடக்கும் வழி: வாசகர் கேள்வி பதில்

தோட்டத்தை விற்றுவிட்டு ஊர் மாறிச் சென்ற ஒரு குடும்பம் விட்டுப்போன 10 வயது நாயை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்ததைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். வயதான நாயை வீட்டில் வைத்துக்கொள்வது குறித்தும், அதற்காக வீட்டிலுள்ள சாமான்களைக் குறைப்பது குறித்தும் பலர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அவற்றுள் ஐந்து கடிதங்களுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: நானும் என் கணவரும் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். எதிர்வீட்டார் வீடு மாறும்போது தங்கள் நாயை விட்டுச் செல்கிறார்கள். அதற்கு 9 வயது இருக்கும் என்று மருத்துவர் சொல்கிறார். அதை எடுத்துக்கொள்ள எங்களுக்கு விருப்பம்தான். ஆனால் 35 ஆண்டுகளாகச் சேர்ந்த சாமான்களால் வீடு அடைசலாகக் கிடக்கிறது. வீட்டை ஒழித்துவிட்டு நாயை அழைத்து வருவதா, நாய் வந்த பிறகு நிதானமாக ஒழிப்பதா? (வாசகி, பெருந்துறை)

பதில்: வருவதற்கு முன் ஒரு வழியை மட்டும் ஒழித்து வையுங்கள். வந்த பிறகு மூன்று வாரங்களுக்கு எதையும் நகர்த்தாதீர்கள். மீதியை அதற்குப் பின் பார்த்துக்கொள்ளலாம்.

இதை நான் பட்டறிந்து சொல்கிறேன். எங்கள் நாய் வந்த அன்றே எனக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது. முதல் நாள் தையல் இயந்திரத்தை மூலைக்குத் தள்ளினேன். மறுநாள் பழைய செய்தித்தாள் கட்டுகளை ஆசாரத்துக்கு, அதாவது வீட்டின் முன்கூடத்துக்குக் கொண்டுவந்தேன். அதற்கு அடுத்த நாள் முக்காலி இருந்த இடத்தில் இரும்புப் பெட்டி வந்தது. நாய் ஒவ்வொரு நாளும் எதிலாவது தோள்பட்டையை இடித்துக்கொண்டு, நடுக்கூடத்தில் நின்று என்னைப் பார்க்கும். வயதான நாய்க்குக் கண்ணில் நீலச்சாம்பல் நிறத்தில் ஒரு மங்கல் தோன்றுவது உண்டு. விழிவில்லை முதுமையில் இறுகுவதால் வருவது அது. பார்வையை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. வெண்மையாகத் திரண்டு வரும் கண்புரை வேறு. அது பார்வையைப் பறித்துவிடும். இரண்டையும் நாமாகப் பிரித்தறிய முயலக்கூடாது, கால்நடை மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். உள்ளூரில் அதற்கு வசதி இல்லாவிட்டால், நாமக்கல்லில் 1985 முதல் இயங்கிவரும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லலாம். பார்வை எப்படியிருந்தாலும், புது வீட்டை நாய் மோப்பத்தாலும் நினைவாலும்தான் மனப்பாடம் செய்கிறது. அது படித்து முடிப்பதற்குள் நாம் பாடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் அது என்ன செய்யும்?

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் மாலை அது ஈரக்காலோடு வாசலிலிருந்து உள்ளே வந்தது. எங்கள் வீட்டில் காவித் தரை. அதன் காலடித் தடங்கள் வாசற்படியிலிருந்து கூடத்தின் வழியாகத் தண்ணீர்ச் சட்டிவரை ஒரே கோடாக வந்து, இரும்புப் பெட்டிக்கு அருகில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு விலகி, மீண்டும் கோட்டில் சேர்ந்திருந்தன. விலகிய இடத்தில் பின்னங்கால் தடம் நகத்தோடு நீளமாக இழுபட்டிருந்தது. வழுக்கியிருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அன்றிரவே பெட்டியை அந்த வழியிலிருந்து எடுத்துவிட்டோம். எதை ஒழிப்பது, எதை வைப்பது என்று ஆண்டுக்கணக்கில் முடிவெடுக்க முடியாமல் இருந்த எங்களுக்கு அந்தத் தடங்கள் முடிவெடுத்துக் கொடுத்தன.

ஆகையால் நீங்கள் முதலில் நாய் படுக்கும் இடம், தண்ணீர் வைக்கும் இடம், வெளியே போகும் கதவு ஆகிய மூன்றையும் தீர்மானித்துக்கொண்டு, அவற்றை இணைக்கும் வழியில் இரண்டு முழ அகலத்துக்கு எதுவும் இல்லாமல் செய்துவிடுங்கள். உங்கள் வீட்டில் டைல்ஸோ கிரானைட்டோ பதித்திருந்தால் அந்த வழி முழுவதும் விரிப்புப் போட வேண்டியிருக்கும். மூட்டுவலி உள்ள நாய்க்கு வழுவழுப்பான தரையைப் போன்ற எதிரி வேறில்லை. கால்கள் அகன்றுபோய் ஒருமுறை விழுந்துவிட்டால், அதற்குப் பிறகு அந்த அறைக்குள் காலெடுத்து வைக்கவே அஞ்சும். நம் வீடுகளில் தாராளமாக இருக்கும் பவானி ஜமக்காளத்தை அப்படியே விரித்தால் அதுவும் நாயோடு சேர்ந்து வழுக்கும் என்பதால், அடியில் ரப்பர் வலை போட்டு விரியுங்கள், அல்லது ரப்பர் அடிப்பாகம் கொண்ட தேங்காய் நார் மிதியடிகளை வரிசையாகப் போடுங்கள். நகம் வளர்ந்திருந்தாலும் பிடிமானம் போய்விடும். அதை வெட்டிவிட வேண்டும்.

மூன்று வாரங்களுக்குப் பிறகு, நாயின் வழியில் இல்லாத அலமாரி, அட்டாலி (பரண்), பின்கட்டு என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணச் சீராக வந்த அண்டாவும் குண்டாவும் உங்கள் வீட்டிலும் இருக்கும். அவற்றைப் பாத்திரக் கடையில் போட்டுப் புதுப் பாத்திரம் வாங்கினால் இடம் மிச்சமாகாது. எடைக்குப் பணமாகப் பெற்றுக்கொள்ளுங்கள், அல்லது அன்னதானம் நடக்கும் கோயிலுக்குக் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகளின் பொருள்களை மட்டும் அவர்களைக் கேட்காமல் தொடாதீர்கள். அட்டாலியில் எலி கேக்கோ, தானிய மூட்டைக்கு வைக்கும் மாத்திரையோ, தோட்டத்துக்கு அடித்த மருந்தின் மீதியோ இருக்கிறதா என்று நாய் வருவதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. சாளை எனப்படும் தோட்டத்து வீடுகளில் கட்டிலுக்கு அடியிலேயே மருந்துப் புட்டி கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். நாய்க்கும் ஆபத்து, மனிதருக்கும் ஆபத்து.

புது வீட்டில் நாய் பழகுவதற்கு ஓர் அனுபவக் கணக்கு சொல்வார்கள்: மிரட்சி தணிய 3 நாள், வீட்டு நடைமுறை பிடிபட 3 வாரம், இது நம் வீடு என்று இருக்க 3 மாதம். வயதான நாய்க்குச் சற்றுக் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். எதிர்வீட்டாரிடம் அது படுத்த பழைய துணியைத் துவைக்காமல் கேட்டு வாங்குங்கள். வீட்டில் எத்தனை சாமான் குறைந்தாலும் அந்த ஒரு துணி மட்டும் நெடுநாள் இருக்கட்டும்.

கேள்வி: திருமணமாகி இந்த வீட்டுக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நான் அழைத்து வந்த 8 வயது நாட்டு நாயை என் அத்தை வீட்டுக்குள் சேர்க்க மறுக்கிறார். "நாய்னா வாசலோட இருக்கட்டும் அம்மணி, உள்ளே பூசையறை இருக்குதல்ல" என்கிறார். அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது? (வாசகி, பொள்ளாச்சி அருகில்)

பதில்: உங்கள் அத்தை சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, அதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். பூசையறைக்கும் சமையலறைக்கும் நாய் வரக்கூடாது என்பது அவர் வீட்டில் அவர் வகுத்த முறை. அந்த இரண்டு அறைகளின் வாசல் நிலைகளிலும் முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகைத் தடுப்பு வைத்துவிட்டால் அந்தப் பேச்சு முடிந்துவிடும். மூட்டு வலிக்கும் நாய் அதைத் தாண்ட நினைக்காது.

அத்தைக்கு உண்மையில் இருக்கும் அச்சம் உண்ணியைப் பற்றியதாக இருக்கலாம். அந்த அச்சம் சரியானதே. நாயின் மேல் நாம் பார்க்கும் உண்ணி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நாயின் உடலில் கழிப்பதில்லை. இரத்தம் குடித்து முடித்ததும் கீழே இறங்கி, சுவர் விரிசலிலும், அடுக்கி வைத்த சாக்குகளுக்கு இடையிலும், கயிற்றுக் கட்டிலின் முடிச்சுகளிலும் ஒளிந்துகொள்கிறது. ஒரு பெண் உண்ணி அத்தகைய இடுக்குகளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். எனவே மாதந்தோறும் நாய்க்கு மருந்து போட்டுவிட்டு, ஆசாரத்தில் பழைய சாக்கும் உடைந்த கட்டிலும் தேங்காய் மட்டையும் குவிந்து கிடக்க விட்டால், கொடுத்த மருந்து பாதிக்குத்தான் பயன்படும். ஆசாரத்தை ஒழித்து, விரிசலைச் சிமெண்டால் பூசி, அங்கே ஒரு மூலையை நாய்க்கு ஒதுக்குங்கள். இதை நீங்களே உங்கள் கையால் செய்தால், நாய்க்காகச் சொன்ன வேலையால் வீடு சுத்தமாவதை அத்தை பார்ப்பார்.

வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசியை மருத்துவர் சொல்லும் கெடுவில் ஆண்டுதோறும் போடுவதும், குடற்புழு மருந்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுப்பதும் அத்தையின் நலனுக்காகவும்தான். தேதிகளை நாட்காட்டியில் அவர் கண்ணில் படும்படி எழுதி வையுங்கள். நாய் சோர்ந்து காய்ச்சலாகப் படுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ, மூக்கில் இரத்தம் வந்தாலோ, உண்ணிக் காய்ச்சலா என்று அன்றே இரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும்.

இன்னும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். மாலைச் சோற்றை நாய்க்கு வைக்கும் பொறுப்பை அத்தையிடமே கொடுத்துப் பாருங்கள். சோறு வைக்கும் கையை நாய் மறக்காது. தன் காலடி ஓசை கேட்டு எழுந்து நிற்கும் ஓர் உயிரிடம் நெடுநாள் கடுமையாக இருப்பவர்களை நான் கண்டதில்லை.

கேள்வி: திருப்பூரில் இரண்டு அறை கொண்ட வாடகை வீட்டில் நானும் என் மனைவியும் இருக்கிறோம். 11 வயது நாய் ஒன்றை எடுத்துக்கொள்ளப் போகிறோம். படுக்கை, பொம்மை, உடை, சீப்பு என்று கடையில் ஒரு பட்டியலே கொடுக்கிறார்கள். எதெல்லாம் தேவை? (வாசகர், திருப்பூர்)

பதில்: பெரும்பாலானவை தேவையில்லை. இரண்டு அறை வீட்டில் நாய்க்கென்று வாங்கும் பொருள்களே அடைசலாகிவிடும். கனமான எவர்சில்வர் சட்டி இரண்டு, மார்புப் பட்டையும் கயிறும் ஒன்று, நகவெட்டி ஒன்று, படுக்கை ஒன்று இருந்தால் போதும். கழுத்துப் பட்டையைவிட மார்புப் பட்டை வயதான கழுத்துக்கு இதமானது.

படுக்கையை மட்டும் நன்றாகச் செய்துகொடுங்கள். வெறுந்தரையில் படுத்தே பழகிய நாய்க்கு முழங்கையில் தோல் காய்த்துப் போயிருக்கும். உங்கள் ஊரில் பனியன் கட்பீஸுக்கா பஞ்சம்? துவைத்து உலர்த்திய துண்டுகளை இரண்டு தலையணை உறைகளில் அடைத்து, வாய்ப்பகுதியைக் கெட்டியாகத் தைத்து, மூன்று விரற்கடைக்குக் குறையாத ஃபோம் ஒன்றின் மேல் போடுங்கள். தையல் விட்டுப் போகாமல் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். நூலையும் துணியையும் விழுங்கிவிட்டால் குடல் அடைத்துக்கொள்ளும். ஓர் உறை துவைக்கப் போகும்போது மற்றொன்று கீழே கிடக்கும், புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் 12 வயது நாய் பகலெல்லாம் தூங்கிவிட்டு இரவில் வீடு முழுவதும் நடக்கிறது. சில நேரம் பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் தலையை நுழைத்துக்கொண்டு வெளியே வரத் தெரியாமல் முனகுகிறது. அதட்டினால் இன்னும் அதிகமாகிறது. விடுமுறைக்குப் பேரக்குழந்தைகள் வர இருக்கிறார்கள். என்ன செய்யலாம்? (வாசகர், தாராபுரம்)

பதில்: அதட்டுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள், ஐயா. வயதானவர்களுக்கு நினைவு தடுமாறுவதுபோல் நாய்களுக்கும் தடுமாறும். இரவும் பகலும் மாறிப்போவதும், மூலையில் சிக்கித் திரும்பத் தெரியாமல் நிற்பதும் அதன் அடையாளங்கள். ஆனால் இதையே காரணம் என்று நீங்கள் முடிவுகட்டிவிடக்கூடாது. மூட்டுவலி, சிறுநீரகக் கோளாறு, இரத்த அழுத்தம், பார்வைக் குறைவு ஆகியவையும் நாயை இரவில் உலாவ வைக்கும். தண்ணீர் அதிகமாகக் குடிக்கிறதா, எடை குறைந்திருக்கிறதா என்று கவனித்து எழுதிக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். நடக்கும் விதத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டினால் அவருக்கு எளிதாக இருக்கும். வலி தெரிகிறது என்பதற்காக நாம் சாப்பிடும் பாரசிட்டமாலையோ இபுபுரூஃபனையோ கொடுத்துவிடாதீர்கள். அவை நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்து உயிருக்கே உலை வைக்கும்.

பீரோவைச் சுவரோடு ஒட்டித் தள்ளி வையுங்கள், அல்லது அந்த இடுக்கைப் பலகையால் அடைத்துவிடுங்கள். நாய் நுழைந்து திரும்ப முடியாத இடுக்கு வீட்டில் ஒன்றுகூட இருக்கக்கூடாது. நாற்காலி, குடை, செருப்பு, மடித்து வைத்த கட்டில் என்று இரவில் வழியில் நிற்பவை அனைத்தையும் எடுத்துவிட்டு, தண்ணீர்ச் சட்டிக்கு அருகில் ஒரு சிறு இரவு விளக்கைப் போட்டு வையுங்கள். மாலையில் வெயில் தாழ்ந்ததும் கால் மணி நேரமாவது மெதுவாக நடத்தி அழைத்துச் சென்று, படுக்கப் போகும் முன் ஒருமுறை வெளியே விட்டு வாருங்கள்.

குழந்தைகள் வந்ததும் ஒரே விதியைச் சொல்லிவிடுங்கள்: தூங்கும் நாயைத் தொடக்கூடாது. காது மந்தமான நாய் தொட்டவுடன் திடுக்கிட்டுக் கடித்துவிடலாம். அது அதன் குணக்கேடு ஆகாது. எழுப்ப வேண்டுமென்றால் பெரியவர்கள் தரையில் காலைத் தட்டி, அதிர்வு போய்ச் சேர்ந்த பிறகு முன்பக்கமாக அணுக வேண்டும். தவறிப் பல் பட்டுவிட்டால், தடுப்பூசி போட்ட நாய்தானே என்று இருந்துவிடாமல், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: வயதான நாய்க்குப் பால்சோறு கொடுக்கலாமா? வீட்டில் மீந்ததைப் போடலாமா? (வாசகி, அந்தியூர்)

பதில்: வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் கழிச்சல் ஏற்படும், சிறிது தயிர்ச்சோறு பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறது. குழைய வேகவைத்த சோறு, எலும்பில்லாத கோழிக்கறி அல்லது முட்டை, பூசணி அல்லது கேரட் சேர்த்து, ஒருவேளை உணவை இருவேளையாகப் பிரித்துக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவையும் வகையையும் மருத்துவர் சொல்ல வேண்டும். வேகவைத்த எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும் என்பதால் அது வேண்டாம். மீந்த குழம்பில் வெங்காயமும் பூண்டும் இருக்கும். பாயசத்திலும் கேசரியிலும் உலர்திராட்சை இருக்கும். மூன்றும் நாய்க்கு நஞ்சு. சாக்லேட்டும் அப்படியே. நோம்பி (பண்டிகை) நாள்களில் வரும் விருந்தினர் அன்பு மிகுதியால் இலையிலிருந்து எடுத்துப் போடுவார்கள். அன்றைக்கு மட்டும் நாயை உள்ளறையில் அதன் பழைய துணியோடு விட்டுக் கதவைச் சாத்திவிடுங்கள்.

அடுத்த இதழுக்கு எழுதுகிறவர்கள், நாயின் வயதையும் எடையையும், அது படுக்கும் இடத்தில் என்ன தரை போட்டிருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.