கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் ஏற்கெனவே உள்ளவருக்கு அதற்கான தடுப்பூசியைப் போட்டால் குணமாகாதா?

ஆகாது. காரணத்தைத் தெரிந்துகொண்டால் மனசு கொஞ்சம் தெளியும்.

தடுப்பூசியில் இருப்பது வைரஸின் மேலுறைப் புரதம் மட்டும்தான். பெரியவர்களுக்கான ஒரு டோஸில் சுமார் 20 மைக்ரோகிராம். நாள்பட்ட தொற்று உள்ள பலரின் ரத்தத்தில் அதே புரதம் இதைவிடப் பல மடங்கு இரவு பகலாகச் சுற்றுகிறது. முழு வைரஸ் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில், இந்த மேலுறை மட்டுமே உள்ள வெற்றுத் துகள்களைத் தொற்றிய கல்லீரல் செல்கள் கொட்டிக்கொண்டே இருக்கும். கடலில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் என்ன தெரியும்?

அப்புறம், வைரஸை ஒழிக்க வேண்டிய டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு செல்கள் வருடக்கணக்கில் அதையே பார்த்துப் பார்த்துச் சோர்ந்துவிடுகின்றன. அவற்றின் மேல் பிடி-1 என்ற தடைப் பூட்டு ஏறிவிடுகிறது. செல் உயிரோடு இருக்கும், வேலை செய்யாது. தொற்று இப்படி வருடக்கணக்கில் தங்குமா என்பது தொற்றிய வயதைப் பொறுத்தது: பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் சுமார் 90 சதவீதம் நாள்பட்டதாகிறது. பெரியவர்களில் 5 சதவீதத்துக்கும் குறைவு.

அதனால் ஏற்கெனவே தொற்றியவர்களைக் குணப்படுத்த முயலும் சிகிச்சைத் தடுப்பூசி வேறு ரகம். வைரஸின் உட்புரதங்களையும் சேர்த்து டி செல்களை எழுப்பப் பார்க்கிறார்கள். ஈஸ்ட்டில் செய்த ஜிஎஸ்-4774 என்ற அப்படியொரு தடுப்பூசி சோதனையில் மேலுறைப் புரதத்தைப் பெரிதாகக் குறைக்கவில்லை. அண்மையில், முதலில் அந்தப் புரதம் உருவாவதைத் தடுக்கும் ஆர்என்ஏ மருந்தால் அதைக் குறைத்து, பிறகு சிகிச்சைத் தடுப்பூசி, கூடவே அந்தப் பூட்டைத் திறக்கும் பிடி-1 தடுப்பான் என்று சேர்த்துச் சோதித்திருக்கிறார்கள். எனக்கு இந்த வழியில்தான் நம்பிக்கை.

அதுவரை, வைரஸை அடக்கி வைக்கும் டெனோஃபோவிர் மாத்திரையை எழுதிக் கொடுத்திருந்தால் தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். கல்லீரல் திடீரென மோசமாகலாம். வீட்டில் மற்றவர்களுக்குப் பரிசோதித்து, தொற்று இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.