பழைய தமிழ்ப் புத்தகப் பக்கங்களைப் போட்டோ எடுத்துத் திருத்தக்கூடிய எழுத்தாக மாற்ற முடியுமா, மறுபடி டைப் செய்யத்தான் வேண்டுமா?

முடியும். ஆனால் 'பழைய' என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த ஒரு சொல்லுக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். உங்கள் கையில் இருப்பதும் தாத்தா காலத்துப் புத்தகம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

என் அம்மாவின் அப்பா எழுதிய கும்மிப் பாட்டுப் புத்தகம், 1954-இல் கும்பகோணத்தில் அச்சடித்தது, 64 பக்கம். முதலில் டியூப்லைட் வெளிச்சத்தில் போனில் எடுத்தேன். மடிப்புப் பக்கம் வரிகள் வளைந்து, மேல் வரியும் கீழ் வரியும் கலந்து வந்தன. அப்புறம் ஜெராக்ஸ் கடையில் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்து, படத்திலிருக்கும் எழுத்தைத் திருத்தக்கூடிய எழுத்தாக மாற்றும் ஓசிஆர் சேவை ஒன்று இலவசமாகக் கிடைத்தது, அதில் ஏற்றினேன். எழுத்து வந்துவிட்டது! அந்தச் சந்தோஷம் இரண்டாம் பக்கம் வரைக்கும்தான். 'ஆனால்' எல்லாம் 'ஆளுல்', 'என்றான்' எல்லாம் 'என்ருன்', 'இல்லை' எல்லாம் 'இல்லே'.

காரணம் ரொம்ப எளிது. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் வரை லை, னை, ணை, ளை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி வளைவு வைத்த எழுத்துகள். றா, னா, ணா மூன்றும் கால் தனியாக இல்லாமல் சுழித்துக்கொண்டு நிற்கும். அந்த வடிவம் பழகாத மென்பொருள், தனக்குத் தெரிந்த எழுத்தில் எது அதன் சாயலில் இருக்கிறதோ அதைப் போட்டுவிடுகிறது. (சீர்திருத்தத்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். எனக்கும் புது எழுத்துதான் வரும்.)

'ஆளுல்' நல்ல பிள்ளை, கண்ணில் பட்டுவிடும். தேடி மாற்றினால் மொத்தமாகத் தீர்ந்தது. 'அவனை' என்பது 'அவனே' ஆகும்போதுதான் வம்பு. 'அவனை அழைத்தான்' போய் 'அவனே அழைத்தான்' என்று நின்றால், எந்தப் பிழைதிருத்தியும் வாய் திறக்காது. அழைத்தவன் யார், அழைக்கப்பட்டவன் யார் என்றே பாட்டு மாறிப்போகும்.

அதனால் அம்மா புத்தகத்தைப் பார்த்து வாசிக்க, நான் திரையைப் பார்த்துத் திருத்தினேன். பதினோரு நாள். அம்மாவுக்குப் பாதிப் பாட்டு மனப்பாடம். புத்தகத்தில் இருப்பதை விட்டுவிட்டுத் தான் பாடுகிற மாதிரி சொல்வார். "இங்கே வேற மாதிரி இருக்கேம்மா" என்றால், "அச்சுக்காரன் அன்னிக்கே தப்பாப் போட்டுட்டான், நீ நான் சொல்றதை அடி" என்பார். மூன்று இடங்களில் அம்மா சொன்னதுதான் நின்றது.

"இதற்கு நேரடியாக டைப்பே செய்திருக்கலாமே" என்று ஒருவர் வருவார். செய்திருக்கலாம். நான் வேகமாக அடிக்கிறவள் இல்லை. தவிர, 1978-க்குப் பின் அச்சான புத்தகம் என்றால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. படத்தை கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தாலே எழுத்து கீழே வந்துவிடும். இணையம் இல்லாமல் வேண்டுமென்றால் டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருள் இருக்கிறது, இலவசம், தமிழும் உண்டு. இரண்டு பத்திப் பக்கம் என்றால் நடுவில் வெட்டி இரண்டு படமாக ஏற்றுங்கள்.

இதே புத்தகத்தை முப்பது வருடம் பரணில் கரையானுக்குப் போட்டுவைத்திருந்த மாமா, மறுபதிப்பு வந்ததும் "தொகுத்தவர்" என்று தன் பெயர் ஏன் இல்லை என்று கேட்டார். போன தீபாவளியிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.