குழாய்த் தண்ணீரில் காரீயம்

கேள்வி: ஜோர்ஜ்டவுனில் போருக்கு முன் கட்டிய கடைவீடு ஒன்றின் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். பழைய குழாய்களிலிருந்து தண்ணீரில் ஈயம் கலக்கும் என்று கேள்விப்பட்டது முதல், ஆறு மாதக் குழந்தைக்குப் பால்மாவு கரைக்கவே தயக்கமாக உள்ளது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போதாதா?
– வாசகி, பினாங்கு

பதில்: போதாது. கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும். காரீயம் அப்படியே இருக்கும், நீர் ஆவியாகக் குறையும் அளவுக்கு அதன் செறிவு சற்றுக் கூடவும் செய்யும். (குழாயிலிருந்து கலக்கும் ஈயம் என்று நீங்கள் கேள்விப்பட்டது காரீயத்தைத்தான். ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் ஈப்போச் சுரங்கங்களில் எடுத்த ஈயமும் வெள்ளீயம், அது வேறு உலோகம்.)

காரீயம் பெரும்பாலும் வீட்டுக் குழாய்களிலிருந்தும் இணைப்புகளிலிருந்துமே தண்ணீரில் கரைகிறது. ஆகவே மீட்டரிலிருந்து வீட்டுக்குள் நுழையும் குழாயைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மங்கிய சாம்பல் நிறக் குழாயை நாணயத்தால் இலேசாகச் சுரண்டும்போது எளிதில் கீறல் விழுந்து வெள்ளிபோல் மின்னி, காந்தமும் ஒட்டாமல் இருந்தால், அது காரீயக் குழாய் என்றே கொள்ளலாம். காந்தம் ஒட்டினால் இரும்பு. செம்பு நிறத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் பழைய செம்புக் குழாய்களின் மூட்டுகளைப் பற்றவைத்த உலோகத்திலும், பித்தளைத் திருகுகுழாய்களிலும் காரீயம் இருக்கக்கூடும் என்பதால், செம்பைக் கண்டதும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

கண்ணும் நாக்கும் இதில் உதவா. தண்ணீரில் கரைந்த காரீயத்துக்கு நிறமோ சுவையோ இல்லை. ஆய்வுக்கூடப் பரிசோதனை ஒன்றே உறுதி தரும். இரவு முழுதும் குழாயைத் திறக்காமல் வைத்து, காலையில் வரும் முதல் நீரை ஒரு புட்டியிலும், சில நிமிடங்கள் ஓடவிட்டபின் வரும் நீரை இன்னொன்றிலும் பிடியுங்கள். முதல் புட்டியில் மட்டும் அதிகமென்றால் குற்றவாளி சமையலறைக் குழாய்முனையும் அதை ஒட்டிய மூட்டுகளும். இரண்டிலும் அதிகமென்றால் உள்ளே வரும் நீண்ட குழாயைச் சந்தேகிக்க வேண்டும். லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்பது மலேசியக் குடிநீர்த் தரத்தின் உச்ச வரம்பு. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவும் அதுவே.

முடிவு வரும்வரை குழந்தையின் பாலுக்குப் போத்தல் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். பெரியவர்களின் சமையலுக்குச் சில நிமிடங்கள் ஓடவிட்ட பச்சைத்தண்ணீரையே பிடியுங்கள். சுடுநீர்க் குழாயில் காரீயம் கூடுதலாகக் கரையும். பல வீடுகளின் வாசலில் நிற்கும் மணல் வடிகட்டி சேற்றையும் துருவையும் பிடிக்குமே தவிர, கரைந்த காரீயத்தைப் பிடிக்காது. அதற்குப் பிறகு வரும் குழாய்களிலிருந்து சேர்வதைத் தடுக்கவும் அதனால் இயலாது. வடிகட்டி வாங்குவதாயின், காரீயத்தை நீக்கும் என்று சான்றிதழ் பெற்றதா எனக் கேட்டு, சமையலறைக் குழாய்முனையிலேயே பொருத்துங்கள்.