கேளுங்கள்: அம்மா பெயரில் உதவிநிதி

கேள்வி: மறைந்த என் தாயார் பெயரில், சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் பெண்களுக்கு உதவ 40,000 வெள்ளி ஒதுக்கியிருக்கிறேன். மொத்தமாகக் கொடுத்துவிடலாமா?
– வாசகி, ஈசூன்

பதில்: அசல் தொகையைத் தொடாமல் வருவாயை மட்டும் வழங்குவதா, அசலையே செலவிடுவதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஆண்டுக்கு 4 விழுக்காடு வருவாய் என்று வைத்தாலும் 1,600 வெள்ளிதான். பெயர் நிலைக்கும், ஆனால் மாணவிக்கு மடிக்கணினியோடு தீர்ந்துவிடும். அசலைச் செலவிட்டால் ஆண்டுக்கு இருவருக்குத் தலா 4,000 வீதம் ஐந்தாண்டு தரலாம். உங்கள் தொகைக்கு இதுவே பொருத்தம்.

ஐபிசி (வரிக் கழிவுக்கு அரசு அங்கீகரித்த அறநிறுவனம்) தகுதியுள்ள அமைப்புக்குக் கொடுத்தால் நன்கொடையின் 250 விழுக்காட்டை வருமானத்தில் கழிப்பார்கள். வரிவிதிப்புக்குரிய வருமானம் 110,000 வெள்ளி என்று கொள்வோம். 40,000ஐ ஒரே ஆண்டில் கொடுத்தால் 100,000 கழிந்து, வரி 6,800 வெள்ளி மிச்சமாகும். ஆண்டுக்கு 8,000 கொடுத்தால், 11.5 விழுக்காட்டுப் படியில் ஆண்டுக்கு 2,300, ஐந்தாண்டில் 11,500. காரணம், மொத்தமாகக் கழிக்கும்போது குறைந்த வரிப் படிகளும் சேர்ந்து கரைந்துவிடுகின்றன. ஆனால் 250 விழுக்காடு என்பது அரசு காலக்கெடு வைத்து நீட்டித்து வரும் சலுகை. அடையாள அட்டை எண்ணை அந்த அமைப்பிடம் கொடுக்க மறந்தால் கழிவே கிடைக்காது. ரசீதைப் பத்திரப்படுத்திப் பயனில்லை. பேநவ் என்ற மின்பணப் பரிமாற்றத்தில் அனுப்புவோர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

அடுத்தது நிபந்தனைகள். ‘தமிழ்ப் பெண், பொறியியல், தந்தையை இழந்தவர்’ என்று அடுக்கினால் சில ஆண்டுகளில் விண்ணப்பிக்க ஆளிருக்காது, பணம் தூங்கும். ‘மட்டும்’ என்ற சொல்லை அடித்துவிட்டு ‘முன்னுரிமை’ என்று எழுதுங்கள். மொத்தக் குடும்ப வருமானத்தைவிடத் தலா வருமானத்தையே வரம்பாக வையுங்கள். ஆறு பேர் உள்ள வீடு அப்போதுதான் விடுபடாது. அக்கா மகளுக்கே போகட்டும் என்ற நினைப்பிருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள், அது நன்கொடை ஆகாது.

கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஆகஸ்ட்டில் வரும் உதவி, கடன் வாங்கிய பிறகு வரும் உதவி. வேறு உதவிநிதி பெறுபவரும் இதைப் பெறலாமா என்று கல்லூரியிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கட்டணத்துக்கு வேறு உதவிகள் உண்டு. பயணச் செலவும் சாப்பாடும்தான் பலரை இடையில் நிறுத்துகின்றன.

கேள்வி: தஞ்சாவூரில் நான் படித்த பள்ளிக்குக் கொடுத்தால் இங்கே கழிவு உண்டா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: இல்லை. மனநிறைவுக்காகக் கொடுங்கள்.

கேள்வி: இளையர் தலைமைத்துவ முகாமுக்கு 5,000 வெள்ளி கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகர், பொங்கோல்

பதில்: டீசட்டைக்கும் விடுதிக்கும் எவ்வளவு போகிறது என்று வரவுசெலவுத் திட்டத்தைக் கேளுங்கள். 2,000 மட்டும் முகாமுக்குக் கொடுங்கள். மீதி 3,000, முகாம் முடிந்து இளையர்களே தொடங்கி நடத்தும் திட்டத்துக்கு, கணக்குக் காட்டக் காட்ட இரண்டு தவணையாக. வங்கிக் கணக்கு தனிநபர் பெயரில் இருந்தால் காசோலை எழுத வேண்டாம்.